பாக்கிப் பட்டியல் சரிதானா? படம் போட்டுப் பார்த்தால் தெரியும்!

நம் வணிகர்களில் பலர் பில் போடுவதையும் பற்று வரவு எழுதுவதையும் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் பாக்கிப் பட்டியல் வந்துவிடுகிறது. பேரேட்டில் கணக்கப்பிள்ளை தவறினால் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவோம். கம்ப்யூட்டர் கூட்டலில் தவறாது. ஆனால் அதனிடம் கேட்கும் கேள்வி தவறாக இருந்தால், தவறான விடையையும் அழகாக அச்சடித்துத் தந்துவிடும்.

கேள்வி கேட்கும் மொழி

பல மென்பொருள்களில் அந்தக் கேள்வி எஸ்.க்யூ.எல். என்ற மொழியில் எழுதப்படுகிறது. விவரங்களை அட்டவணைகளாக வைத்து இணைக்கும் முறையை 1970இல் வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட். அங்கேயே பணிபுரிந்த டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974இல் இம்மொழியை வெளியிட்டார்கள். வாடிக்கையாளர், பில், ரசீது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. பாக்கி எடுக்க அவற்றை வாடிக்கையாளர் எண்ணைக் கொண்டு இணைக்க வேண்டும். கோளாறு நுழையும் முக்கியமான இடம் இதுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

மொத்த வியாபாரி ஒருவரிடம் மூன்று கடைக்காரர்கள் கடனுக்குச் சரக்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம்.

முதல் கடை: பில் ரூ.10,000, வரவு ரூ.6,000.
இரண்டாம் கடை: பில் ரூ.15,000, வரவு இல்லை.
மூன்றாம் கடை: பில்கள் ரூ.8,000, ரூ.7,000, வரவு ரூ.5,000.

உண்மையான பாக்கி 4,000, 15,000, 10,000, ஆக ரூ.29,000.

பில் அட்டவணையையும் ரசீது அட்டவணையையும் "இன்னர் ஜாயின்" என்ற முறையில் நேராக இணைத்தால் என்ன ஆகும்? இரண்டு அட்டவணையிலும் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். ஒரு பைசாவும் கட்டாத இரண்டாம் கடை பட்டியலிலேயே இருக்காது! மூன்றாம் கடைக்கு ஒரே ரசீது இரண்டு பில்லோடும் சேர்ந்து, ரூ.10,000 வரவானதாகக் காட்டும். பட்டியலின் கூட்டுத்தொகை ரூ.9,000. இருபதாயிரம் ரூபாய் கண்ணில் படாமலே போய்விட்டது.

படம் காட்டும் உண்மை

கேள்வியை எழுத்தில் படித்தால் இது நமக்குப் புரியாது. படமாக்கினால் புரியும். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் அட்டவணைகளின் நகலை வைத்துக்கொண்டு, "எஸ்.க்யூ.எல். வியூ"வில் கேள்வியை ஒட்டி, "டிசைன் வியூ"வுக்கு மாறினால் போதும். ஒவ்வொரு அட்டவணையும் ஒரு பெட்டியாகவும், இணைப்பு ஒரு கோடாகவும் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் பேஸிலும் இவ்வகை வசதி உண்டு.

ஆக்சஸ் படத்தில் கோட்டின் முனையில் அம்புக்குறி இல்லையென்றால், இருபுறமும் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள் என்று பொருள். அம்புக்குறி இருந்தால், அது புறப்படும் பெட்டியில் உள்ள அனைவரும் வருவார்கள்.

சரியான படம் எப்படி இருக்கும்? பில்களை வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டி ஒரு கேள்வி, ரசீதுகளைக் கூட்டி இன்னொரு கேள்வி எனத் தனியே சேமித்துக்கொள்ள வேண்டும். நடுவில் வாடிக்கையாளர் பெட்டி. அதிலிருந்து இந்த இரண்டு கூட்டலுக்கும் அம்புகள். பில் பெட்டியும் ரசீதுப் பெட்டியும் நேராகக் கோர்க்கப்பட்டிருந்தால் உடனே விளக்கம் கேளுங்கள்.

படத்தில் தெரியாததும் உண்டு. ரசீதே இல்லாதவருக்கு வரவு வெற்றிடமாக வரும். பில் தொகையிலிருந்து வெற்றிடத்தைக் கழித்தால் விடையும் வெற்றிடம்தான்! அதைப் பூஜ்யமாகக் கொள்ளும்படி கேள்வியில் எழுதியிருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

புதிதாகப் பட்டியல் எழுதித் தருபவரிடம் அதன் படத்தையும் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு, எதுவுமே கட்டாதவர் ஒருவர், பல பில் எடுத்தவர் ஒருவர், தவணையாகக் கட்டுபவர் ஒருவர் என மூவரின் கணக்கைக் கையால் போட்டு ஒத்துப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால்தான் அந்தப் பட்டியலை நம்பி வசூலுக்கு ஆள் அனுப்பலாம். மென்பொருள் யார் எழுதியதாக இருந்தாலும், போகிற பணம் நம்முடையது.