அடிமரத்தில் மூன்று சுற்று

எங்கள் ஓட்டுவீட்டுக் கூரைக்கு மேல் சாய்ந்திருந்த புளியங்கொப்பை இறக்கிய நாளில் எனக்குப் பத்து வயதிருக்கும். மேலே ஒருவர் கைவாளோடு. கீழே ஒரு பெரியவர், முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்ட தேங்காய்நார் வடத்தோடு. வடத்தின் ஒரு முனை கொப்பில் கட்டியிருந்தது. அங்கிருந்து மேலே ஒரு கவட்டைக்குள் புகுந்து கீழே வந்து, பக்கத்து வேம்பின் அடிமரத்தை மூன்று முறை சுற்றியிருந்தது. கடைசி முனை மட்டும் அவர் கையில். வாள் அறுக்க அறுக்கக் கொப்பு முனகியது. “விடுங்கண்ணே... விடுங்க... பிடிங்க!” என்று மேலிருந்து குரல் வந்தது. நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கொப்பு, ஓட்டில் ஒரு கீறல் விழாமல் முற்றத்தில் வந்து படுத்தது.

அவர் கைக்கு வந்த பாரம் எவ்வளவு சொற்பம் என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. மரத்தைச் சுற்றிய கயிற்றின் பிடி கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்று பாரத்தை ஆறரை மடங்கு குறைக்கும். இரண்டு சுற்று 43 மடங்கு, மூன்று சுற்று 280 மடங்குக்கும் மேல். 300 கிலோ கொப்பை ஒரு கிலோ இழுவையில் நிறுத்திவிடலாம். மரம் பருத்ததா சிறுத்ததா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. எத்தனை சுற்று, எவ்வளவு சொரசொரப்பு, அவ்வளவுதான். பெரியவர் இதை எழுதிப் பார்த்ததில்லை. சுற்றைக் கூட்டவும் குறைக்கவும் அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

அதற்காகப் பழைய வடத்தைப் போற்றிப் பாட எனக்கு மனமில்லை. நார்க்கயிறுகளிலேயே வலு குறைந்தவற்றில் ஒன்று தேங்காய்நார். அதனால் கைப்பருமனுக்குத் திரிக்க வேண்டும், சுமக்க ஓர் ஆள் வேண்டும். உள்ளே இற்றுப்போனது வெளியே தெரியாது. அறுந்த வடத்தால் முடமானவர்கள் உண்டு.

இன்று எங்கள் பக்கம் கொப்பு கழிக்க வருகிறவர்களிடம் அந்த வடம் இல்லை. கடையில் எடைபோட்டு வாங்கிய நீலமோ பச்சையோ ஒரு கயிறு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் நைலான் கயிறு. பெரும்பாலும் அது நைலானே இல்லை. பாலிபுரோப்பிலீன், அல்லது பாலிஎத்திலீன். விலை மலிவு, எடை குறைவு, தேங்காய்நாரைவிடப் பல மடங்கு வலு. ஆனால் வழுக்கும். உராய்வு பாதியானால், அடிமரத்தில் இரண்டு சுற்று பழைய ஒரு சுற்றின் வேலையைத்தான் செய்யும். கை மட்டும் பழைய சுற்றுக் கணக்கையே வைத்திருக்கிறது.

வழுக்கலைவிட எனக்கு அச்சம் சூட்டில். 300 கிலோ கொப்பு ஐந்து மீட்டர் இறங்கும்போது அந்த ஆற்றல் எங்கேயாவது போக வேண்டுமே. ஏறக்குறைய முழுவதும் கயிறும் பட்டையும் உரசும் இடத்தில் சூடாகிறது. 50 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். பாலிபுரோப்பிலீன் 165 டிகிரியை ஒட்டி உருகும், பாலிஎத்திலீன் அதற்கும் முன்பே. தேங்காய்நார் கருகும், புகையும், மணம் வரும். அவசரப்படாதே என்று அதுவே சொல்லிவிடும். இந்தப் புதுக் கயிறோ சத்தமில்லாமல் இளகி, பிறகு இறுகி, கண்ணாடி போலாகிவிடும்.

போதாக்குறைக்கு மெஷின் வாள் வந்துவிட்டது. கைவாள் அறுத்த கால்மணி நேரம் இப்போது சில நொடி. கொப்பு முனகுவதற்குள் விழுந்துவிடுகிறது. கீழே நிற்பவருக்கு முன்னறிவிப்பும் இல்லை, மூச்சுவிட நேரமும் இல்லை. கவட்டைக்குப் பதில் கப்பி மாட்டுகிறவர்களும் உண்டு. கயிறு தேயாது, உண்மைதான். ஆனால் கவட்டையின் உரசல் தாங்கிவந்த பங்கும் கீழே நிற்பவரின் தலையில் விழுகிறது. கப்பியைக் கட்டிய இடமோ கொப்பின் எடையைப்போல ஏறத்தாழ இரு மடங்கைச் சுமக்கிறது. கொப்பு விழுந்து சட்டென்று நின்றால் அதற்கும் மேல்.

மேலைநாடுகளில் இதே தொழில் செய்பவர்கள் மணிலாக் கயிற்றை விட்டு வெளியேறியபோது, கூடவே பிரேக்கையும் மாற்றினார்கள். ‘போர்ட்டாராப்’ என்றொரு சாமான்: பக்கவாட்டில் முளைகள் நீட்டிய உலோகக் குழாய். தனிக் கயிற்றால் அடிமரத்தில் கட்டி, இறக்கும் கயிற்றை அதில் சுற்றுகிறார்கள். வேம்பானாலும் வழவழப்பான தைலமரமானாலும் பிடி ஒன்றே. சூட்டை உலோகம் வாங்கிக்கொள்கிறது. நிற்கப்போகும் மரத்தின் பட்டையும் காயப்படுவதில்லை. கயிறு, 250 டிகிரிவரை உருகாத பாலியஸ்டர். உள்ளே ஒரு பின்னல், மேலே உறையாக இன்னொரு பின்னல். அறுபடும் வலுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் பாரம் ஏற்றக் கூடாது என்பது அவர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. முடிச்சு விழுந்த இடத்தில் வலு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்த இடைவெளி.

நான் பார்த்த இடங்களில் வாள் மாறியிருக்கிறது, கயிறு மாறியிருக்கிறது. பிரேக் மட்டும் அதே அடிமரம், அதே வெறுங்கை. ஒரு முழக் குழாயும் இரண்டு முளையும் பற்றவைக்க வெல்டிங் பட்டறை எந்த ஊரில் இல்லை? கணக்கறிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, தாங்குமா என்று சோதித்துக் கொடுத்தால் போதும். வேளாண் பொறியியல் படித்த பிள்ளைகள் கவனிக்க வேண்டிய வேலை இது.

சென்ற ஆண்டு எங்கள் தெரு வேம்பைக் கழித்த இளைஞரின் உள்ளங்கையில் தழும்பு இரண்டு வரி ஓடியிருந்தது. அவர் கயிற்றைக் கையில் வாங்கி விரலை ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு சாண் நீளம் இறுகி வழவழவென்று இருந்தது. காட்டினேன். “ஆமாண்ணே, அந்த இடம் வெந்துபோச்சு” என்று அதை அறுத்தெறிந்தார். இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மரத்தடிக்குப் போனார்.