ஊருக்கே தெரிந்த கொலை

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் மாத நாவல்கள் கொடி கட்டிப் பறந்த காலம் ஒன்று உண்டு. பஸ் வரும்வரை கையில் ராஜேஷ்குமார். முதல் அத்தியாயத்தில் பிணம் விழும், நடுவில் துப்பறிய விவேக்கும் ரூபலாவும் வருவார்கள், கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் சிக்குவான். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதிய கை அது, வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், நம்ம பக்கத்துக் கொலைகளில் விவேக்குக்கு வேலையே கிடையாது. யார் செய்தது என்பது பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். செய்ய எப்படி மனசு வந்தது, செய்த பிறகு அந்த வீட்டில் சோறு எப்படி இறங்குகிறது என்பதுதான் தெரியாது.

அந்தத் தெரியாத பகுதியை எழுத எடுத்துக்கொண்டவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஆண்டிமடம் தாண்டிப் போனால் வருகிற விருத்தாசலத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் வெ. அண்ணாமலை, புத்தக அட்டையில் இமையம். 1964இல் பிறந்தவர், சொந்த ஊர் கடலூர் மாவட்டம் கழுதூர். முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது.

கிராமத்து வாத்தியாருக்குத் தெரிவது போலீசுக்குத் தெரியாது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று நாலு நாள் வரவில்லை என்றால், காய்ச்சலா, வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்களா என்பதைத் தோழிகளின் முகத்தைப் பார்த்தே வாத்தியார் சொல்லிவிடுவார். மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டுவார்கள். ஆனால், மனுவில் ஏறுவது பத்து வரி. மீதி வாத்தியார் மனசிலேயே தங்கிவிடும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து டீக்கடையில் உட்கார்ந்தால் கேட்டுப் பாருங்கள், நாற்பது நாவலுக்குச் சரக்கு வரும். இமையம் அந்த மீதியை எழுதினார் என்றுதான் நான் அவர் புத்தகங்களை வாசிக்கிறேன்.

'கோவேறு கழுதைகள்' நாவலில் வரும் ஆரோக்கியம், தலித் மக்களுக்கே துணி வெளுக்கிற வண்ணாத்தி. காலனிக்காரன் ஒருத்தன் அவள் மகளைக் கெடுத்துவிடுகிறான். ஸ்டேஷன் இல்லை, வழக்கு இல்லை, வாய்தா இல்லை. மறுநாளும் அதே தெருவுக்குத்தான் சோறு எடுக்கப் போக வேண்டும். எந்தக் கணக்கிலும் ஏறாத குற்றம் இது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் ஒடுக்குமுறையைக் காட்டியதற்காக அன்றைக்கு அவர் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கென்னவோ, அந்தத் துணிச்சல்தான் பின்னால் எழுதிய எல்லாவற்றுக்கும் முதல் என்று படுகிறது.

2012 செப்டம்பரில் 'உயிர்மை' இதழில் அவருடைய 'பெத்தவன்' வந்தது. பழனியின் மகள் பாக்கியம் தலித் பையன் ஒருவனை விரும்புகிறாள், பையன் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். பெத்தவனே மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொல்கிறது. பழனி சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறான். ராத்திரியோடு ராத்திரியாக மகளைத் தப்பித்துப் போகச் சொல்லி அனுப்பிவிட்டு, அவளுக்கென்று வாங்கிய பூச்சிமருந்தைத் தான் குடிக்கிறான். கதை வந்து இரண்டே மாதத்தில், நவம்பர் 7ஆம் தேதி, தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. ஒரு காதல் கல்யாணம், பெண்ணின் தகப்பன் தற்கொலை, அதைச் சாக்காக வைத்துத் தீவைப்பு. இமையம் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று பலரும் வியந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. அவர் வாசலுக்கு வெகு பக்கத்தில் இப்படி ஒன்று ஏற்கெனவே நடந்திருந்தது.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8ஆம் தேதி, சாதி கடந்து காதலித்த கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டார்கள். இருவரும் படித்தவர்கள், அந்த மே மாதம்தான் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். ஊரார் பார்க்க மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஆனால், போலீஸ் எழுதிய கதையே வேறு. அவரவர் வீட்டுப் பிள்ளையை அவரவர் கொன்றதாக, முருகேசன் வீட்டாரையும் குற்றவாளிகளாகச் சேர்த்துவிட்டார்கள். சி.பி.ஐ. கைக்கு வழக்கு போய், கடலூர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில்தான் தீர்ப்புச் சொன்னது. 13 பேருக்குத் தண்டனை, அதில் இரண்டு பேர் போலீஸ்காரர்கள். கண்ணகியின் அண்ணனுக்கு விதித்த தூக்கு, 2022இல் உயர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனையானது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அதை உறுதி செய்தது. 22 வருஷம்! பழுப்பு நிலக்கரிக்கு நிலம் எடுத்த வழக்குகளில் அலைந்து தேய்ந்த ஜெயங்கொண்டத்து ஆட்களுக்கு வாய்தா என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஊருக்கு ஒரே காலைப்பொழுதில் தெரிந்தது, காகிதத்தில் ஒழுங்காக ஏற இத்தனை காலம்.

'செல்லாத பணம்' இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. இன்ஜினியரிங் படித்த ரேவதி, பெற்றவர்களை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொண்டவள். உடம்பு கருகிப் புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். தீ எப்படிப் பற்றியது? மாத நாவலாக இருந்தால் இதுதான் கதையே. இமையம் இதற்கு விடை கொடுப்பதில்லை. தீக்காய வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அழுகை, வசவு, கணக்கு, பழைய கோபம். எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அது செல்லுபடியாகாது. கட்டிக்கொண்டவளோடு பேச்சையே நிறுத்திக்கொண்ட வீட்டுக்கும் இந்தச் சாவில் பங்கு உண்டா? இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? சில இடங்களில் பேச்சு நீண்டுபோய் அலுப்புத் தட்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்களுக்கு அந்த அலுப்பும் பழக்கமானதுதான்.

ஆசிரியர்களிடம் இவ்வளவு சரக்கு இருந்தும் பெரும்பாலோர் ஏன் எழுதுவதில்லை? ஓய்வுக்குப் பிறகு கவிதைத் தொகுப்பு போடுகிறார்கள், தலவரலாறு எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டில் நடந்ததை எழுதுவதில்லை. எழுதியதற்குக் கிளம்பிய எதிர்ப்பால், அப்போது அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்த பெருமாள்முருகன் 2015 ஜனவரியில், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவிக்க வேண்டிவந்தது. அவர் மறுபடி எழுதலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலையில். கல்லூரிப் பேராசிரியருக்கே இந்தக் கதி என்றால், பென்ஷனை நம்பிச் சொந்தத் தெருவில் குடியிருக்கிற வாத்தியார் யோசிக்கத்தான் செய்வார். அவரிடம் படித்த பையன்தான் ஊராட்சித் தலைவர், கொலை செய்தவனும் அவரிடம் படித்தவன், செத்தவளும் அவரிடம் படித்தவள். எதிரில் வந்தால் இன்னமும் வண்டியை விட்டு இறங்கி வணக்கம் வைக்கிறார்கள்.

இமையம் எங்கும் போய்விடவில்லை. விருத்தாசலத்திலேயே இருந்துகொண்டு, அந்த மண்ணின் பேச்சிலேயே இத்தனையையும் எழுதினார்.