போர்பன் தரும் சூடு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ரெட் ரிவர் பள்ளத்தாக்கு இருக்கிறது. பகலெல்லாம் அதன் மணற்பாறைகளில் ஏறி இறங்கிக் களைத்தவர்களுக்கு, மாலையில் குளிர்காயத் தீ மூட்டி அந்த மாநிலத்தில் பெயர்பெற்ற போர்பன் விஸ்கியைக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வதில் தனிச் சுகம் உண்டு. வீட்டில் குடிப்பதைவிடக் காட்டில் அது மணக்கிறது என்று பலர் சொல்வதை வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. போர்பன் என்று பெயர் வைக்க, மூலத் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலனில் அது ஊறவும் வேண்டும். கருக்கும்போது மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து, வனிலா மணம் தரும் வனிலினும் புகை மணம் தரும் குவாயகாலும் உண்டாகின்றன. எதிரே எரிகிற விறகிலும் சிதைவது அதே லிக்னின்தான். கோப்பையிலிருந்தும் நெருப்பிலிருந்தும் மூக்குக்கு வருவது ஒரே குடும்பத்து மணம். இந்த இன்பம் மெய்யானது.

ஆனால் தொண்டையில் இறங்கும் அந்தச் சூடு மெய்யல்ல. நம் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் உண்டு. ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டால் அது 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காரம் எரிவதும் இதன் வழியாகத்தான். இதைக் கண்டறிந்ததில் முதன்மையானவரான டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். சாராயம் பட்டதும் இந்தப் புரதம் விழித்துக்கொள்ளும் எல்லை 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. உடலின் இயல்பான சூடோ 37 டிகிரி. அதாவது நம் உடம்பின் வெப்பத்தையே நாம் நெருப்பாக உணர்கிறோம். வெளியிலிருந்து துளி வெப்பமும் வந்து சேரவில்லை. வராதது மட்டுமா, உள்ளதும் போகிறது. மது தோலடி ரத்தக் குழாய்களை விரிக்கிறது. குளிரில் உள்ளுறுப்புகளைக் காக்க வேண்டிய சூடான ரத்தம் தோலுக்கு ஓடி, அங்கிருந்து காற்றில் வெப்பத்தை இழக்கிறது. கன்னம் கதகதக்கும் அதே நேரத்தில் உள்ளுடல் குளிர்ந்துகொண்டிருக்கும். சூடு உண்டாக்கும் நடுக்கத்தையும் மது மட்டுப்படுத்துகிறது.

ஒரு மடக்கில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயிறார உண்டு, உலர்ந்த உடையோடு தீயருகே இருப்பவருக்குச் சிறிதளவால் உடல் வெப்பம் பெரிதாக இறங்கிவிடாது. ஆனால் மலையில் நடப்பவரின் நிலை வேறு. பல மணி நேர நடையில் அவர் உடலின் சர்க்கரைச் சேமிப்பு கரைந்திருக்கும். புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் ஈரலின் வேலையை மது தடுக்கிறது. சர்க்கரை குறைந்த உடல் தன் வெப்பத்தைக் காக்கத் தடுமாறும். நனைந்த உடை, காற்று, பசி, இவற்றோடு மதுவும் சேரும்போதுதான் உள்ளுடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே சரியும் ஆபத்து பெருகுகிறது. 'குளிரவில்லை' என்ற பொய்யான நிம்மதி, சட்டையை மாற்றவும் ஒதுங்க இடம் தேடவும் வேண்டிய நேரத்தை விழுங்கிவிடுகிறது என்பதே என் பெரிய கவலை.

'செயின்ட் பெர்னார்ட் நாய்கள் கழுத்தில் பிராந்திப் பீப்பாயோடு போய்ப் பனியில் சிக்கியவர்களைக் காப்பாற்றவில்லையா?' என்பது அடுத்த கேள்வி. ஆல்ப்ஸ் மலை மடத்தின் அந்த நாய்கள் உயிர்களைக் காத்தது உண்மை. பீப்பாயோ, எட்வின் லேண்ட்சியர் என்ற இளம் ஓவியர் 1820இல் தீட்டிய படத்தால் உலகெங்கும் பரவிய கற்பனை; நாய்கள் அப்படி எதையும் சுமக்கவில்லை என்றே மடத்துத் துறவிகள் சொல்லிவந்தார்கள்.

எனவே அன்றைய நடை முடிந்து, கூடாரம் அடித்து, சாப்பிட்டு முடிக்கும்வரை போர்பன் பாட்டில் பையின் அடியிலேயே கிடக்கட்டும். உடன் வந்த ஒருவர் குளிரில் வாய் குழறித் தள்ளாடினால், அவருடைய ஈர உடையைக் களைந்து கம்பளியால் போர்த்துங்கள். விழுங்கும் தெளிவு இருந்தால் சர்க்கரை கலந்த வெந்நீர் கொடுங்கள். விஸ்கி மட்டும் வேண்டாம்.