எம்.பி.ஏ.: எந்த ஒதுக்கீட்டில் இடம்?

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்துத் தலித் பட்டதாரி எம்.பி.ஏ. படிக்கலாமா எனக் கேட்டால், எந்த ஒதுக்கீட்டில் இடம் என்றே நாம் முதலில் கேட்போம். டான்செட் எழுதிக் கலந்தாய்வில் சேர்ந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்போருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணத்தை அத்திட்டம் ஏற்பதில்லை. சேர்க்கைக்கு ஆள்பிடிப்போர் இதைச் சொல்வார்களா?

பட்டத்திற்குப் பின் வருவது தனியார் துறை. அங்கே இடஒதுக்கீடு இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சம தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களுக்கு அனுப்பினர். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. நேர்காணலுக்கு முன்பே, பெயர் மட்டும் செய்த வேலை இது.

எனவே நிலத்தை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதை நாம் ஏற்கவில்லை. கலந்தாய்வு இடமும் உதவித்தொகையும் உறுதியானால் படிக்கலாம். அதற்கு முன், அக்கல்லூரியில் படித்த நம் மாணவர்கள் இன்று எங்கே பணிபுரிகிறார்கள் என்று விசாரித்துவிட வேண்டும்.