ஓடும் லாரிக்குப் போன் போடுவது யார்?

நாமக்கல் லாரி டிரைவருக்குக் கைப்பேசிதான் அலுவலகம். லோடு சொல்லும் புக்கிங் ஆபீஸ், 'எங்கப்பா வந்துட்டிருக்க?' என்று கேட்கும் ஓனர், சரக்குக்குக் காத்திருக்கும் பார்ட்டி, வீட்டார் என எல்லாரும் அதில்தான் கூப்பிடுகிறார்கள். முன்பெல்லாம் கிளீனர் எடுத்துப் பேசுவார். இப்போது பல வண்டிகள் ஒற்றை ஆளோடு ஓடுகின்றன.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் ஓடும் லாரிகளில் கேமரா பொருத்தி எடுத்த ஆய்வு 2009இல் வெளியானது. மெசேஜ் அடித்துக்கொண்டே ஓட்டுபவர் விபத்திலோ, நூலிழையில் தப்பும் நிலையிலோ சிக்கும் அபாயம் 23 மடங்கு என்றது அது. அப்படிப்பட்ட தருணங்களில், 6 நொடியில் சராசரியாக 4.6 நொடி டிரைவரின் கண் சாலையில் இல்லை. சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி அதற்குள் சுமார் 77 மீட்டர் ஓடிவிடும். சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறும் மொபெட்டும், டயர் வெடித்து ஓரம் நிற்கும் வண்டியும் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கின்றன.

புளூடூத் இருந்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. டொரண்டோவில் ரெடல்மெயர், டிப்ஷிரானி இருவரும் விபத்தில் சிக்கியவர்களின் போன் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள்: பேசும்போது அபாயம் நான்கு மடங்கு, கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனம் வாடகைப் பேச்சில் இருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் லோடோடு வருபவருக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து!

2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் கைப்பேசியைப் பிடித்தபடி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. தமிழகத்தில் 2022 அக்டோபர் முதல் அபராதம் 1,000 ரூபாய், மீண்டும் பிடிபட்டால் 10,000. லைசென்ஸும் தற்காலிகமாக ரத்தாகலாம். வழிகாட்டும் மேப்புக்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், அனுமதி உண்டு. ஆனால் 2021இல் நாடு முழுவதும் கைப்பேசியால் நேர்ந்ததாகப் பதிவான மரணங்கள் 1,040தான். அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி அதிவேகத்தின் கணக்கில் இருக்கிறது. நொறுங்கிய கேபினில் எந்தக் கையில் போன் இருந்தது என்று யார் தேடப்போகிறார்கள்?

அபராதம் போனை எடுத்தவருக்குத்தான், கூப்பிட்டவருக்கு இல்லை. வண்டி எங்கே வருகிறது என்பதை ஜிபிஎஸ் காட்டும்போது ஓனர் எதற்காகக் கூப்பிட வேண்டும்? லோடு விவரத்தை டிரைவர் டீக்கு நிறுத்தும்போது பேசலாம். அவசரமாகக் கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால், 'ஓரங்கட்டிட்டுக் கூப்பிடுப்பா' என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுங்கள். வீட்டிலிருந்து கூப்பிடுகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.