திணறிய ஆட்டத்தைப் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எதிரணி எத்தனை புள்ளி குவித்தது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். யாருக்கு எதிராக, எப்படிக் குவித்தது என்பதே முதல் கேள்வி. அந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால்தான் பந்து கையில் தங்கும். தாக்குதலின் பலம் அங்கேதான் வெளிப்படும்.

2019-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியை, அலபாமா ரசிகையான நான் இப்படித்தான் கவனித்தேன். முந்தைய ஆண்டு அவர்களை 29–0 என மண்ணைக் கவ்வ வைத்திருந்தோம். பந்தை எறியும் குவாட்டர்பேக் அதே ஜோ பர்ரோதான், ஆட்டமுறைதான் மாறியிருந்தது. பந்தை வாங்க ஐந்து பேர் வரை அனுப்பி, தடுப்பாளர்களை மைதானத்தின் அகலம் முழுக்கச் சிதறடித்தார்கள்.

டெக்சஸுக்கு எதிராக 45 புள்ளி எடுத்தவர்கள், ஆபர்னிடம் 23 மட்டுமே எடுத்தார்கள். பலர் நிம்மதியடைந்தார்கள்; எனக்கோ பயம் கூடியது. ஆபர்ன் முன்வரிசையில் ஆட்களைக் குறைத்து, எறியும் பந்தைத் தடுக்கப் பின்னால் கூட்டம் சேர்த்தது. அப்படியும் பர்ரோ 321 கெஜத்துக்கு எறிந்தார். ஆள் குறைந்த முன்பகுதியில், பந்தோடு ஓடும் அவர்களின் வீரர் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 136 கெஜம் ஓடினார்.

நவம்பர் 9-இல் எங்கள் டஸ்கலூசா மைதானத்திலேயே 46–41 என எங்களை வென்றார்கள். பர்ரோ எறிந்த 39 பந்துகளில் 31 கைசேர்ந்தன. அந்தப் பருவத்தின் 15 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டத்தையும் வாங்கினார்கள்.

எதிரணியை எடைபோட, அது திணறிய ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். ஒரு வழியை அடைத்தால் மறுவழியில் வருகிற அணிக்குத்தான் அஞ்ச வேண்டும்.