பழைய போனும் பழைய கணனியும்: எறிவதற்கு முன் ஒருமுறை பார்ப்போம்

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன பின்னர், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். ஜாம் போத்தலில் சிக்கன விளக்குச் செய்தோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அப்படிப்பட்ட எமது குடும்பங்கள் கைத்தொலைபேசி, கணனி என்று வரும்போது மட்டும் "அது பழுதாய்ப் போச்சு, புதுசு வாங்கத்தான் வேணும்" என்று உடனே தவணைக் கடைக்குப் போய்விடுவதை நாம் பல இடங்களில் காண்கின்றோம்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய போன்கள் இப்போது முதுமையடைந்துவிட்டன. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு புதியவற்றின் விலையோ எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. வெங்காயம் கிண்டுவதற்கு முன்னரே, வரப்போகும் காசை நம்பித் தவணைக்குப் போன் எடுத்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். அவர்களுடைய பழைய போனைத் திறந்து பார்த்தபோது பற்றரி மட்டுமே பழுதாகியிருந்தது.

முதலில் உள்ளே இருப்பதைக் காப்போம்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது பலர் காணி உறுதியைச் சொப்பின் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். இன்று அந்த மடி போனாகிவிட்டது. உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை, காணாமற்போன ஒருவரின் ஒரேயொரு படம் என எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே திருத்துவதற்குக் கொடுக்க முன்னர் இவற்றைப் பிரதி எடுத்துவிட வேண்டும். திருத்துபவர் "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினால் வேகமாகும்" என்று சொல்லுவார். அது உண்மைதான். ஆனால் அழிந்தது திரும்பி வராது. ஒரு தாய் இப்படித்தான் தனது உறுதியின் படத்தை இழந்தார். மூலப்பிரதி முன்னரே போரில் எரிந்துவிட்டது. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகிய மூன்றும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடுவது இலகு. அந்தப் படத்தில் அவை மூன்றும் இருந்தன.

படங்களை மெமரி காட்டில் பதியலாம். நம்பிக்கையான உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணம் என்ற வழியால் அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எழுத்துகள் மங்கிவிடும். திரை உடைந்து தொடுகை வேலை செய்யாமல், ஆனால் படம் தெரிந்தால், ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய இணைப்பை வாங்கி அதில் கணனியின் மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்ட் போன்களில் அம்புக்குறி ஒன்று தோன்றும். அதைக் கொண்டு உள்ளே போய் வேண்டியதை எடுக்கலாம்.

போனின் நோய்கள்

முப்பது வீதம் இருக்கும்போதே திடீரென அணைந்து போகும் போன் பலரிடம் உண்டு. இது பற்றரியின் முதுமை. லித்தியம் பற்றரி பழையதாக அதன் உட்தடை கூடுகின்றது. கமராவைத் திறக்கும்போதோ அழைப்பு எடுக்கும்போதோ கூடுதல் மின்னோட்டம் தேவைப்பட, மின்னழுத்தம் சட்டென்று விழுகின்றது. போன் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கின்றது. 2015இல் வந்த சம்சுங் கலக்ஸி ஜே2 போன்றவற்றில் பின்மூடியை நகத்தால் கழற்றிப் பற்றரியை நாமே மாற்றலாம். எங்கள் பகுதிகளில் இவ்வகைப் போன்கள் இன்னும் நிறையப் பாவனையில் உள்ளன. கழற்றிய பற்றரியை மேசையில் படுக்க வைத்துச் சுழற்றிப் பாருங்கள். தட்டையானது உரசி நின்றுவிடும், வீங்கியது பம்பரம்போலச் சுற்றும். வீங்கிய பற்றரியை ஒரு நாளும் பாவிக்க வேண்டாம். கிடுகு வேய்ந்த வீட்டில், பிள்ளையின் தலையணைக்குப் பக்கத்தில் இரவிரவாகச் சார்ஜில் கிடக்கும் வீங்கிய பற்றரி என்பது சிறிய விடயமல்ல. அதை ஊசியால் குத்திக் காற்றெடுக்க முயல்வோரும் உளர். குத்தினால் தீப்பற்றும்.

பின்மூடி ஒட்டப்பட்ட புதிய வகைப் போன்களில் இவ்வேலையைத் திருத்துபவரிடமே விடுவது நல்லது. பற்றரிக்கு எதிரி வெப்பம். தகரக் கூரையின் கீழும் மோட்டார் சைக்கிள் இருக்கையிலும் வெயிலில் வைக்காதீர்கள். எந்நேரமும் நூறு வீதம் நிரப்பி வைக்காமல் இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்திருந்தால் ஆயுள் நீளும். ஆனால் மழைக்காலத்தில், மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத இடத்தில், நிரப்பித்தான் வைக்க வேண்டும். ஆபத்தில் அழைக்க முடியாத போனால் பயனில்லை.

சார்ஜ் ஏறவில்லை என்றால் பற்றரியைக் குறை சொல்ல முன்னர் துவாரத்தைப் பாருங்கள். தோட்டத்துக்குக் கொண்டுபோகும் போனில் புழுதியும் பைநூலும் அடைந்து கிடக்கும். போனை அணைத்துவிட்டு, காய்ந்த ஈர்க்கின் நுனியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசியோ கம்பியோ வேண்டாம். பிறகு வேறொரு வயரை மாற்றிப் பார்க்க வேண்டும். பாதி நோய் வயரில்தான் இருக்கும்.

கிணற்றடியிலோ வயலிலோ தண்ணீரில் விழுந்தால் எமது மக்கள் உடனே அரிசிப் பானைக்குள் புதைக்கிறார்கள். நெல் விளைவிப்பவர்களுக்கு அரிசியில் நம்பிக்கை இருப்பது இயல்பே. ஆயினும் அரிசியின் துகள் துவாரங்களுக்குள் போய் ஒட்டிக்கொள்ளுமே தவிர, பெரிதாக ஈரத்தை இழுக்காது. அப்பிள் நிறுவனமே 2024இல் இதைச் செய்ய வேண்டாம் என்று அறிவித்தது. உடனே அணைத்து, முடிந்தால் பற்றரியைக் கழற்றி, துடைத்து, துவாரம் கீழே பார்க்கும்படி காற்றோட்டத்தில் ஓரிரு நாட்கள் நிறுத்தி வையுங்கள். பொறுமையிழந்து இடையில் போட்டுப் பார்ப்பதால்தான் பல போன்கள் சாகின்றன.

மெதுவாக ஓடுவதற்கு முதற் காரணம் இடமின்மை. எட்டு ஜிகாபைற் இடமுள்ள போனில், உறவினர் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களுமே பாதியைப் பிடித்திருக்கும். வட்ஸ்அப்பில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிட்டு, பழையவற்றை அழித்தால் போன் மூச்சு விடும்.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. ஆண்ட்ராய்ட் 4.4இல் ஓடும் போன்களுக்கு 2025 ஜனவரியுடன் வட்ஸ்அப் நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத பழைய போனில் வங்கி வேலை செய்வதை நாம் விரும்பவில்லை. அதைப் பிள்ளையின் பாட வீடியோவுக்கும் வானொலிக்கும் ஒதுக்கலாம். பொத்தான் போனையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனைச் சேவைக்கு அதுவே போதும்.

பாவித்த போன் வாங்குவோர் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, *#06# என அழுத்த வரும் 15 இலக்கங்களை, ஐ.எம்.ஈ.ஐ. என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டு அதன்பின் எழுதி, 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று அறியலாம். மற்றையது, விற்பவரின் கூகுள் கணக்கை அவர் கையாலேயே நீக்கச் செய்யுங்கள். நீக்காமல் அழித்தால், அது பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

கணனிக்கு உயிர் கொடுத்தல்

புலம்பெயர் உறவினர் விட்டுப்போன மடிக்கணனியோ, அலுவலகமொன்று கழித்துவிட்ட கணனியோ வீட்டு மூலையில் துணி மூடிக் கிடப்பதைப் பார்க்கின்றோம். "போட்டால் பத்து நிமிடம் எடுக்குது" என்பார்கள். இதில் மூளை பெரும்பாலும் பழுதில்லை, ஞாபகப் பெட்டிதான் கிழடாகிவிட்டது. பழைய ஹாட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுற்ற, ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தேடுகின்றது. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகையில் அசையும் பாகமே இல்லை. ஒரேயொரு பொருளுக்குத்தான் காசு உண்டு என்றால் இதற்கே செலவிடுங்கள். வேறெந்த மாற்றமும் இவ்வளவு வித்தியாசத்தைத் தராது.

2011இல் வெளிவந்த லெனோவோ திங்க்பாட் எக்ஸ்220ஐ எடுத்துக்கொள்வோம். பாவித்த பொருட் சந்தையில் இது நன்கு அறிமுகமானது. பற்றரியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் உள்ள ஒரு ஸ்குரூவைச் சிறிய திருப்புளியால் கழற்ற, டிஸ்க்கை வாரைப் பிடித்து வெளியே இழுக்கலாம். ஏழு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. அந்த இடத்தில் அமரும். அடியில் உள்ள மூடியைத் திறந்தால் ராமுக்கான இரண்டு இடங்கள் இருக்கும். நான்கு ஜிகாபைற்றைக் குறைந்த அளவாகவும் எட்டை நிறைவாகவும் கொள்ளலாம். ஆனால் டி.டி.ஆர்.2, 3, 4 ஆகியவற்றின் வெட்டுக்கள் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. ஆகவே பழைய துண்டையே கையில் கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பி வாங்கி, இரண்டு தரம் பஸ் ஏறிய அனுபவம் எமக்கு உண்டு.

மேசைக் கணனியில் இன்னொரு விசித்திரம். திகதி எப்போதும் பல வருடம் பின்னே நிற்கும், இணையத்தளங்களும் பாதுகாப்பற்றவை என்று சொல்லித் திறக்க மறுக்கும். பலர் இதை வைரஸ் என்று நினைத்துக் காசு செலவழிக்கிறார்கள். உள்ளே உள்ள சில்லறைக் காசு போன்ற சி.ஆர்.2032 பற்றரி செத்துவிட்டது, அவ்வளவுதான். அதை மாற்றித் திகதியைச் சரி செய்தால் தளங்கள் திறக்கும். மூடியைத் திறந்த கையோடு, உலர்ந்த பெயின்ற் தூரிகையால் காற்றாடியின் புழுதியையும் தட்டிவிடுங்கள்.

அடுத்தது மென்பொருள். விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14இல் முடிவடைந்தன. எக்ஸ்220 போன்றவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாதவை. இங்கேதான் லினக்ஸ் உதவுகின்றது. லினக்ஸ் மின்ற் என்பதன் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பு இலவசம், இரண்டு ஜிகாபைற் ராமிலும் ஓடும். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. நல்ல இணைய வசதியுள்ள ஒருவரிடம் அதை எட்டு ஜிகாபைற் பென் டிரைவில் ஏற்றுவித்து, கணனியில் ஒன்றும் நிறுவாமலே முதலில் ஓட்டிப் பாருங்கள். வைபை, ஒலி, பிரின்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பின்னரே நிறுவ வேண்டும். நிறுவும்போது டிஸ்க்கில் உள்ளவை அழியும் என்பதை மறக்கக் கூடாது. விண்டோஸுக்கென்றே செய்த சில கணக்கியல் மென்பொருட்கள் இதில் ஓடா. சங்கக் கணக்கு அப்படியொன்றில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். பாமினியில் தட்டிய பழைய கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பாமினி எழுத்துருவைப் பிரதி எடுத்து நிறுவினால் தமிழாகிவிடும்.

மின்கட்டணத்தையும் யோசியுங்கள். எக்ஸ்220உடன் வரும் சார்ஜர் 65 வாற்று மட்டுமே. பழைய குழாய்த் திரையுடன் கூடிய மேசைக் கணனி இதைவிடப் பல மடங்கு இழுக்கலாம். சூரிய மின்தகடு வைத்துள்ள வீடுகளுக்கு மடிக்கணனியே ஏற்றது.

எப்போது கைவிடுவது? திருத்தச் செலவு, அதே பொருளைப் பாவித்த நிலையில் வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் நாம் கைவிடுகின்றோம். தாய்ப்பலகை எரிந்த கணனியும், தண்ணீரில் ஊறிப் பச்சை பிடித்த போனும் அநேகமாக அத்தகையவை. அப்போதும் ராம், சார்ஜர், திரை ஆகியவற்றைக் கழற்றி வைத்தால் அயல்வீட்டுக்கு உதவும். கழித்த பற்றரிகளைக் குப்பையோடு எரிக்கவோ கிணற்றருகே புதைக்கவோ வேண்டாம். முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மணல் போட்ட தகரப் பேணியில் வீட்டுக்கு வெளியே வைத்து, பிரதேச சபையோ கடையோ மின்னியற் கழிவு சேர்க்கும்போது ஒப்படையுங்கள்.